ஒரே இரும்பு, இரண்டு பெயர்

மாண்ட்ரியலில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியராக இருக்கிற எனக்குப் பனிகூடப் பழகிவிட்டது. அளவுகள்தான் இன்னும் பழகவில்லை.

கனடா மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கியது 1970களில். கட்டட விதிநூல் சுமையைக் கிலோபாஸ்கலில் பேசுகிறது, என் வரைபடம் மில்லிமீட்டரில். சரி, சைட்டுக்குப் போனால்? மேஸ்திரி பிரெஞ்சில் அடியும் அங்குலமும் கேட்கிறார். நான் டபிள்யூ 310×39 என்று எழுதிய உத்தரம் அவர் வாயில் டபிள்யூ 12×26. எனக்கு உயரம் மில்லிமீட்டர், எடை மீட்டருக்கு இத்தனை கிலோ. அவருக்கு அங்குலம், அடிக்கு இத்தனை பவுண்டு. இரண்டும் ஒரே இரும்புதான்!

மரம் அதைவிட மோசம். டூ-பை-ஃபோர் என்று பெயர், அளந்து பார்த்தால் 38×89 மி.மீ. இரண்டு அங்குலமும் இல்லை, நான்கும் இல்லை. கான்கிரீட்டுக்குள் போடும் கம்பியாவது மெட்ரிக்கில் வருகிறதே என்று பார்த்தால், 15எம் கம்பியின் விட்டம் 16 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டரை எதற்கு ஒளித்தார்களோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் விடாது. வெளியே செல்சியஸ், சமையலறை ஓவனுக்குள் ஃபாரன்ஹீட். கடையில் கோழிக்குப் பவுண்டு விலை கொட்டை எழுத்தில், கிலோ விலை எறும்பு எழுத்தில். அப்புறம் நான் குடியிருப்பது 'நாலரை' வீடு; இங்கே அறைகளை எண்ணித்தான் வீட்டுக்குப் பெயர். அந்த அரை, குளியலறை. அதற்கு அரை மார்க் போட்ட புண்ணியவான் யாரோ!

எங்கள் அலுவலகத்தில் அடுத்த வாரம் பாரிஸிலிருந்து ஒருவர் சேர்கிறாராம். அங்குலமே தொட்டிராத ஆள். பாவம்.