‘கிஃப்ட்’ என்றால் விஷம், சரி. கல்யாணம் ஏன் விஷமாக வேண்டும்?

ஸ்வீடிய மொழியில் விஷத்துக்கும் மணமானவருக்கும் ஒரே சொல் என்று ‘மொழியியல் உண்மை’யாகப் பகிரப்பட்ட மீமின் கீழே, அதை மறுத்து நான் எழுதிய ஒற்றை வரிக்கு ‘உம்மணாமூஞ்சி’ என்ற பட்டம் கிடைத்திருக்கிறது. நன்றி. ஸ்வீடிய மொழியில் ‘யிஃப்ட்’ (எழுத்தில் அதே gift) என்றால் விஷம் என்பதும், மணமானவர் என்பதும் உண்மைதான். கல்யாணம் விஷம் என்று அந்நாட்டவர் அன்றே கண்டுகொண்டார்கள் என்பதுதான் பொய்.

அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் ‘கொடுத்தல்’. பழைய ஆங்கிலத்தில் அது மணப்பெண்ணுக்காகத் தரும் பொருளைக் குறித்தது. பன்மையில் திருமணத்தையே குறித்தது. ஸ்வீடனில் பெண்ணைக் கொடுக்கும் உரிமையுடைய ஆணுக்குச் சட்டத்திலேயே ‘யிஃப்தோமான்’ என்று பெயர் இருந்தது. ‘யிஃப்ட்’ என்றால் கொடுக்கப்பட்டவள், அவ்வளவுதான்.

விஷம் வந்தது வேறு வழியில். கிரேக்கத்தில் ‘தோசிஸ்’ என்றாலும் கொடுத்தல்தான். வைத்தியர்கள் வாயில் அது ஒரு வேளைக்கான மருந்தாயிற்று. அதைப் பின்பற்றி ஜெர்மானியர் மருந்தைக் ‘கிஃப்ட்’ என்றார்கள். விஷத்தை விஷமென்று சொல்லக் கூசி, அதையும் அப்படியே அழைத்தார்கள். அந்தப் பொருள் பிறகு வடக்கே போனது. பிரெஞ்சில் விஷத்தைக் குறிக்கும் ‘புவாசோன்’கூட ‘குடிப்பது’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஜெர்மனியில் படித்தபோது, வீட்டுக்காரப் பாட்டியின் பிறந்தநாளுக்கு, ஊரிலிருந்து கொண்டுபோன பளபளப்புக் காகிதத்தில் ஒரு பெட்டியைச் சுற்றிக் கொடுத்தேன். காகிதம் முழுக்கப் பொன்னெழுத்தில் ‘கிஃப்ட்’. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தவர், “இது எனக்கா, எலிக்கா?” என்றார். சிரித்து முடித்தபின், பழைய பொருள் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில் மட்டும் பிழைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குப் பொருள் சீதனம்.

நகைச்சுவைக்குச் சொற்பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்கிறீர்கள். நியாயம், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ‘மொழியியல் உண்மை’ என்று தலைப்பிட்டுப் பகிர்ந்தது நானா? ஐரோப்பியச் சொல்லுக்கு உனக்கென்ன வருத்தம் என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கல்யாணத்தை விஷமென்று சிரிப்பவர்கள் எல்லோரும் பெண்ணைக் கொண்டவர்களாகவே இருப்பது மட்டும் கண்ணில் படுகிறது. கொடுக்கப்பட்டவள் ஒருத்தியும் அங்கே சிரிக்கக் காணோம்.

வருத்தம் என்னவென்று உண்மையிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாமும் பெண்ணைக் கொடுக்கிறோம். விஷத்தை மருந்து என்கிறோம். என் சித்தியைப் பற்றிப் பேச்சு வந்தால், “கொடுத்த இடம் சரியில்லை” என்பார் தாத்தா. “மருந்தைக் குடித்துவிட்டாள்” என்பாள் பாட்டி. வயலுக்கு அடிக்க வாங்கிவைத்த அந்த மருந்தை விஷம் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.