முட்டம் பாறையில் பாட்டில் சில்லு

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் இறங்கிக் குளிக்க முடியாது என்பது தெரிந்ததுதான். கரும்பாறையில் அலை மோதுவதைப் பார்த்தாலே போதும். அதற்காவது விடுகிறார்களா? பாறை இடுக்கெல்லாம் உடைந்த பீர் பாட்டில்! நண்டைப் பிடிக்கப் பிள்ளை கையை விட்ட இடத்தில் பச்சைச் சில்லு மினுங்குகிறது. ஓடத் துடிப்பவனை இழுத்துப் பிடித்துச் செருப்பு மாட்டி, குனிந்து குனிந்து கண்ணாடி பொறுக்கவா இத்தனை தூரம் வந்தோம்?

குடித்துத் தொலையுங்கள், யார் தடுத்தார்கள்? முழுப் பாட்டிலோடு பாறை ஏறத் தெரிந்த மகாராஜாக்களுக்கு, காலிப் பாட்டிலைக் கீழே கொண்டுவர மட்டும் கை வலிக்கிறதாம். நீலகிரியில் 2022 முதல் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். (மாமனாரிடம் சொன்னேன், பையைத் தேடினார்.) இவர்களுக்கோ காசும் வேண்டாம், பாறையில் அடித்து நொறுக்கும் ஓசைதான் வேண்டும்.