லேஸ் ஓரத்துக்கு 300 கண்ணி தேவையில்லை
அக்கா, துப்பட்டாவுக்குப் பின்னல் லேஸ் ஓரம் வைக்க முழு நீளத்துக்கும் 300 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) ஏற்றியே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு முறைதான், ஒரே முறை இல்லை. குறுக்காக, அதாவது ஓரத்தின் அகலத்துக்கு மட்டும் கண்ணி ஏற்றிப் பின்னிக்கொண்டே போனால் 8, 10 கண்ணியே போதும். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றினால் ஓட்டை விழும், ஒரு கண்ணி கூடும். இப்படிக் கூடிக்கூடி, ஓரத்தில் ரம்பப் பல் போல நீட்டிக்கொண்டிருக்கும் பல் விரியும். அப்புறம் கூடின கண்ணிகளை மட்டும் பிரியாதபடி மூடி ஊசியிலிருந்து இறக்கிவிட்டால் அடுத்த பல் தொடங்கும். துணியின் நீளம் வந்ததும் நிறுத்தலாம். மூலையில் கொஞ்சம் சுருக்கம் விட்டுத் தையுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும்.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் புதிதாகக் கற்கிற பிள்ளைகள் 300 என்று கேட்டதுமே ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன். அக்ரிலிக் நூல் என்றால் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தாதீர்கள். ஓரம் துவண்டுவிடும், பழையபடி வராது.