சோப்பு வாடை வந்தாலே தாய்ப்பால் கெட்டுவிட்டதா?

'ஃப்ரீசரில் வைத்த தாய்ப்பாலில் சோப்பு வாடை வந்தால் கெட்டுப்போச்சு, கொட்டிவிடுங்கள்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. தயவுசெய்து அதை நம்பிப் பாலைக் கொட்டிவிடாதீர்கள்.

தாய்ப்பாலிலேயே லைபேஸ் என்ற நொதி இருக்கிறது. குழந்தைக்குக் கொழுப்பு செரிக்க உதவுவது அதுதான். உறைந்த நிலையிலும் அதன் வேலை முழுவதுமாக நிற்பதில்லை. கொழுப்பை மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்த வாடை. சிலருடைய பாலில் இது சீக்கிரமே தெரியும். குடித்தால் கெடுதல் இல்லை. சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அது வேறு பிரச்சினை. அப்படியானால் இனி எடுக்கும் பாலை, ஓரத்தில் குமிழி வரும் வரை மட்டும் சூடாக்கி (கொதிக்க விடாமல்), உடனே ஆற வைத்து உறைய வையுங்கள். இதில் சத்து கொஞ்சம் குறையும். குழந்தை குடித்தால் இந்த வேலையே வேண்டாம். ஏற்கெனவே வாடை வந்த பாலைச் சூடாக்கிப் பயனில்லை.

மேலே ஏடு பிரிந்து நிற்பதும் இயல்புதான், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். கலக்காமல் திரிதிரியாக நின்று புளித்த நாற்றமும் அடித்தால், அதுதான் கெட்ட பால்.

அப்புறம், ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது, 12 மாதம் வரை பரவாயில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து முழுதாக உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மறுபடி உறைய வைக்கக் கூடாது.