மொங் கதைத்துணி: பழமை எது, புதுமை எது?

மொங் மக்கள் தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் வாழும் ஒரு மலைவாழ் இனத்தவர். "எழுத்தில்லாத மொங் மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் வரலாற்றைப் படங்களாகத் துணியில் தைத்து வந்தனர்" என்று ஒரு பதிவு பரவுகிறது. இது தவறு.

ஆளும் படகும் துப்பாக்கியும் தைத்த கதைத்துணிகள் 1975-க்குப் பின், லாவோஸிலிருந்து தப்பி வந்தோர் தங்கிய தாய்லாந்து முகாம்களில் தோன்றியவை. லோய் மாகாணத்து பான் வினாய் அம்முகாம்களில் பெரியதாக இருந்தது. பெரும்பாலும் விற்கத்தான் இவை தைக்கப்பட்டன; அமெரிக்கா போன உறவினர்கள் வழியாகவும் விற்கப்பட்டன. பல துணிகளில் ஆங்கில வாசகமே இருக்கும். பண்டைய துணியில் அது எப்படி வரும்? இத்துணிகள் தோன்றியபோது மொங் மக்கள் எழுத்தில்லாதவர்களும் அல்ல: 1950-களிலேயே அவர்கள் மொழிக்கு ரோமன் எழுத்துமுறையும் பஹாவ் என்ற தனி எழுத்தும் உருவாகிவிட்டன.

பழமையானது 'பாண்டாவ்', அதாவது பூத்துணி. அதில் மனித உருவம் இல்லை. நத்தைச் சுருள், யானைக்கால் போன்ற கோலங்கள்தான். செய்முறை நுணுக்கமானது. ஒரு நிறத் துணிமேல் இன்னொன்றை வைத்து, மேல்துணியைக் கோலமாக வெட்டுவார்கள். வெட்டிய ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே தள்ளி, நூல் தெரியாமல் தைத்தால் அடிநிறம் கோடாகத் தெரியும். மூலையில் கத்தரி ஆழமாகப் போனால் மடிக்கத் துணி மிஞ்சாது, இழை பிரிந்துவிடும். முழுவதையும் முன்கூட்டியே வெட்டினால் கோடு கோணும். கொஞ்சம் வெட்டி, அதைத் தைத்து முடித்தே அடுத்ததை வெட்ட வேண்டும்.

கதைத்துணி புதியது என்பதால் போலி ஆகிவிடாது. மீகாங் ஆற்றை மூங்கில் கட்டி நீந்திக் கடந்தவர்களின் சாட்சியம் அது. அதைப் பண்டைய மரபென்று சொன்னால், அதைத் தைத்த அகதிப் பெண்களின் கண்டுபிடிப்பே மறைந்துபோகிறது.