குறி தவறுகிறவனுக்கும் ஒரு வேலை

எனக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியாது. கல்லூரி விடுதியில் தொடங்கி இன்றுவரை கணினியில் சுடும் விளையாட்டுகளை விளையாடி வருகிற ஒருவன் இப்படிச் சொல்வது வெட்கத்துக்குரியதுதான். ஆனாலும் எதிரி அசையாமல் நின்றால்கூட என் தோட்டா அவனுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் தேடிப் போகும். அப்படிப்பட்ட நான் டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டில் மட்டும் அணியின் மதிப்பெண் பட்டியலில் பலமுறை முதல் மூன்று பேருக்குள் வந்திருக்கிறேன். அதற்கான பெருமை முழுவதும் அந்த விளையாட்டை வடிவமைத்தவர்களையே சேரும். பொழுதுபோக்காக விளையாடுகிறவர்களுக்கு என்று சொல்லி இன்று வெளியாகும் பல சுடும் விளையாட்டுகள் அவர்கள் செய்ததை மறந்துவிட்டன என்று தோன்றுவதாலும், சென்ற வாரம் என் அக்கா மகன் வேறொரு விளையாட்டின் தரவரிசையில் ஒரு படி இறங்கிய துக்கத்தில் இரவுச் சாப்பாட்டையே வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்ததாலும் இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டின் மூலவேர் 1996ஆம் ஆண்டில் இருக்கிறது. குவேக் என்ற விளையாட்டுக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாக்கரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து செய்த ஒரு மாட், அதாவது ஏற்கெனவே உள்ள விளையாட்டை ரசிகர்களே மாற்றியமைத்துச் செய்யும் புது வடிவம், அது. பின்னர் அவர்களை வால்வ் நிறுவனம் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. 1998இல் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டபோது அது சீருடை அணிந்த வீரர்கள் மோதும், உண்மைப் போரைப் போலத் தோற்றமளிக்கும் விளையாட்டாக இருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் மூடிய கதவுக்குப் பின்னால் கலைத்துக் கலைத்துக் கட்டி, 2007 அக்டோபரில் ஆரஞ்சு பாக்ஸ் தொகுப்பில் ஒன்றாக வெளியிட்டபோது, போர்க்களம் போய்க் கேலிச்சித்திரம் வந்திருந்தது. ஒரே பாலைவனத்தில் எதிரெதிரே இரண்டு கட்டடங்கள், சிவப்பு அணி, நீல அணி, ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்டத் துடிக்கும் ஒன்பது வகைக் கூலிப்படைக் கிறுக்கர்கள், அவ்வளவுதான்.

அந்தக் கேலிச்சித்திரத் தோற்றத்தைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். லெயன்டெக்கர், நார்மன் ராக்வெல் போன்ற, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் வரைந்த அமெரிக்க ஓவியர்களிடமிருந்து அந்தப் பாணியை எடுத்துக்கொண்டதாக அதன் கலைஞர்களே 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள். அந்தப் பாணியில் அவர்களுக்குப் பிடித்தது உருவத்தின் வெளிக்கோடு. ஒல்லியான ஸ்கவுட்டையும், பீரோவைப் போல அகன்ற ஹெவியையும், குனிந்து ஓடும் பைரோவையும், இப்படி அந்த ஒன்பது பாத்திரங்களையும், நிழலை மட்டும் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம். அடுத்துக் கண்ணில் படுவது எந்த அணி என்பதைச் சொல்லும் நிறம். அதற்கடுத்து, கையில் இருக்கும் ஆயுதத்தின் பக்கம் பார்வை போகும்படி மார்புப் பகுதியில் வெளிச்சமும் காலடியில் இருட்டுமாகத் தீட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் விளையாடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எது வந்து நம்மைக் கொன்றது என்று தெரியாமல் சாகும்போதுதான் கோபம் வருகிறது. தெரிந்து செத்தால், அடுத்த முறை அந்த மூலையில் திரும்பாமல் இருப்போம் என்ற நினைப்போடு போய்விடும்.

சாவையும் அவர்கள் சிரிப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் செத்தவுடன் திரை ஒரு கணம் உறைந்து, உங்களைக் கொன்றவனின் முகத்தைக் காட்டும். நீங்கள் வெடிகுண்டில் சிதறியிருந்தால், சிதறிய துண்டுகளின்மேல் இது உன் உடம்பின் ஒரு பகுதி, இது இன்னொரு பகுதி என்று அம்புக்குறி போட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். இன்னொரு சிறிய பெட்டி வந்து, ஆனாலும் ஒரு நல்ல செய்தி என்று ஆரம்பித்து, இந்தச் சுற்றில் உன் பழைய சாதனையை நீ நெருங்கிவிட்டாய் என்று தோளில் தட்டிவிட்டுப் போகும். தோற்றவனிடம் இவ்வளவு இதமாகப் பேசும் விளையாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி என்னைப் போன்றவர்களின் வேலைக்கு வருகிறேன். மெடிக் பாத்திரத்தின் கையில் இருக்கும் கருவியை ஒரு கூட்டாளியின் பக்கம் ஏறக்குறையத் திருப்பினாலே போதும். சிகிச்சைக் கதிர் தானாகப் போய் அவனைப் பிடித்துக்கொள்ளும். 300 உயிர்ப்புள்ளிகள் கொண்ட ஹெவியை அந்தக் கதிர் 450 வரை ஊதிப் பெருக்கும். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அவனுக்குப் பின்னாலேயே நடப்பதும், யாரை எப்போது காப்பாற்றுவது என்று யோசிப்பதும், சாகாமல் இருப்பதும்தான். கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும் ஊபர் சார்ஜ் முழுதானவுடன் பொத்தானை அழுத்தினால், எட்டு விநாடிகளுக்கு நீங்கள் இருவரும் எதனாலும் சாகாத உலோகச் சிலைகளாக மின்னுவீர்கள். அந்த எட்டு விநாடிகளில் ஆட்டமே திசை மாறும். நீங்களோ ஒரு தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டீர்கள். இன்ஜினியரும் அப்படியே: துப்பாக்கிக் கோபுரத்தை எங்கே நிறுத்துவது என்ற யோசனை மட்டும் உங்களுடையது, குறி பார்க்கும் பொறுப்பை அந்த இயந்திரமே ஏற்றுக்கொள்ளும். ஸ்பையாக மாறினால் எதிரணி ஆளின் வேடத்தில் உள்ளே நடந்து போய், 450 புள்ளிகளோடு நிற்கும் அதே ஹெவியின் முதுகில் ஒரே கத்திக்குத்தில் கதையை முடிக்கலாம். அங்கே தேவைப்படுவது நடிப்பு.

இதனால் இந்த விளையாட்டு எளிதானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தன் காலடியிலேயே ராக்கெட்டை வெடிக்கவைத்து, அந்த விசையில் கூரைகளைத் தாண்டிப் பறக்கும் சோல்ஜர்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் கற்றுக்கொள்ள ஆயிரம் மணி நேரம் செலவிட்டவர்களும் உண்டு. அவர்களும் நானும் ஒரே களத்தில், ஒரே அணியில், ஒருவருக்கு ஒருவர் பயன்படுகிறவர்களாக இருக்கிறோம் என்பதுதான் எனக்கு வியப்பு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் வெறுக்கும் ஒரு விஷயமும் இதில் இருக்கிறது: திடீரென்று ஒரு குண்டு மூன்று மடங்கு சேதத்தோடு பாயும் தற்செயல் கிரிட். நான் அதை ஆதரிப்பவன். ஆனால் அது பாமரனுக்குக் கிடைத்த வரம் என்று வாதிட மாட்டேன். ஏனென்றால் துப்பாக்கிகளுக்கு அதன் வாய்ப்பு 2 சதவீதத்தில் தொடங்கி, அண்மையில் அதிகச் சேதம் செய்தவனுக்கு 12 சதவீதம் வரை ஏறுகிறது. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் ஏற்பாடுதான். இருந்தாலும் எதிர்பாராமல் மூன்று பேரை ஒரே ராக்கெட் அள்ளிக்கொண்டு போகும்போது செத்தவர்களும் சிரிக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் தூண் எண்ணிக்கை என்பது என் கணிப்பு. ஓர் அணியில் 12 பேர். 2016 மே மாதம் வெளியான ஓவர்வாட்ச் இதே வகையில் அழகும் மெருகும் கொண்ட விளையாட்டுதான், ஆனால் அங்கே ஓர் அணிக்கு 6 பேர். 2022இல் அதன் இடத்துக்கு வந்த இரண்டாம் பாகத்தில் 5 பேர். ஐந்து பேரில் ஒருவன் விளையாட்டுத்தனமாக இருந்தால் மற்ற நால்வரும் அவனைத் திட்டித் தீர்ப்பார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. பன்னிரண்டு பேரில் ஒருவன் மூலையில் நின்று நடனமாடினால் பந்தியில் ஒருவர் குறைந்ததைப் போலத்தான், யாருக்கும் தெரியாது. மனிதர்களிடம் பெருந்தன்மையை எதிர்பார்ப்பதைவிட, தவறுக்கு இடம் கொடுக்கும் அளவுக்குக் கூட்டத்தைப் பெரிதாக்குவது நல்ல வடிவமைப்பு.

பாத்திரங்களின் தலையில் போட்டு அழகு பார்க்க 2009இல் வந்த தொப்பிகள், 2010இல் வந்த கடை, 2011 ஜூனில் விளையாட்டையே இலவசமாக்கிய முடிவு ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அந்த வெளிக்கோட்டின் தலையில் கண்டதையும் கவிழ்த்து வைத்தார்கள் என்பது மட்டும்தான் என் வருத்தம். என்னிடமும் நான்கு தொப்பிகள் இருக்கின்றன.

எனக்கு உண்மையான மனத்தாங்கல் 2016 ஜூலையில் வந்த மாற்றத்தின்மேல்தான். அதற்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழையலாம், அணி மாறலாம், அடுத்தடுத்த சுற்றுகளை அதே முகங்களோடு ஆடலாம், எழுந்து போகலாம். தேநீர்க் கடை பெஞ்சில் இடம் பிடிப்பதைப் போன்ற ஏற்பாடு அது. அதை எடுத்துவிட்டு, வரிசையில் காத்திருந்து ஆள் சேர்த்து ஆட்டம் தொடங்கும் முறையையும், விளையாட விளையாட ஏறும் நிலைகளையும், அறிமுகமான நாள்களில் பாதியில் வெளியேறுவோருக்கு ஒரு தண்டனையையும் கொண்டுவந்து, அதற்கு கேஷுவல், அதாவது பொழுதுபோக்கு ஆட்டம், என்று பெயரும் வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின் தண்டனை மட்டும் போயிற்று. ஆட்டம் முடிந்ததும் சிதறிப்போகும் முகங்களுக்கு நடுவில் பழக்கம் எப்படி உருவாகும்? 2020 வாக்கில் தானியங்கி ஸ்னைப்பர் பாட்கள், அதாவது ஆள் இல்லாமல் தாமாகவே குறி தவறாமல் சுடும் நிரல்கள், அதிகாரப்பூர்வ சர்வர்களை நிரப்பத் தொடங்கியபோது, ஆட்டக்காரர்களே நடத்திய சமூக சர்வர்களில் விரட்டிவிட ஒரு மனிதர் இருந்தார். மற்ற இடங்களில் வாக்கெடுப்புப் பொத்தான் மட்டுமே இருந்தது. 2022இலும் 2024இலும் ரசிகர்கள் திரண்டு குரல் கொடுத்த பிறகே வால்வ் பாட்களை ஓரளவு ஒடுக்கியது. 2025 பிப்ரவரியில் விளையாட்டின் மூலநிரலைத் திறந்துவிட்டு, இதை வைத்து நீங்களே புது விளையாட்டுகளைச் செய்துகொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது. மாட்டாகப் பிறந்தது மாட்களுக்குத் தாயாகிறது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனை என் கணினியின் முன் உட்காரவைத்து, சிங்கப்பூரில் உள்ள ஒரு சமூக சர்வருக்குள் அனுப்பினேன். முதல் பத்து நிமிடங்கள் அவனுக்குப் பெரும் குழப்பம். "மாமா, இதுல ரேங்க் எங்க காட்டுது?" என்று இரண்டு முறை கேட்டான். பிறகு வெடிகுண்டு வண்டியைத் தள்ள வேண்டிய அணியில் அவன் ஹெவியாக இருந்தபோது, எதிரணி ஹெவி ஒருவன் துப்பாக்கியை வைத்துவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்னத் தொடங்கினான். இவன் சுடவில்லை. சற்று நேரத்தில் இரண்டு அணிகளிலிருந்தும் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, வரிசை கட்டி காங்கா நடனம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டி அநாதையாகப் பள்ளத்தில் நின்றது. கடிகாரம் ஓடி முடிந்து இவன் அணி தோற்றது. ஆயுதம் பிடுங்கப்பட்ட தோற்ற அணியினர் உயிருக்குப் பயந்து ஓட வேண்டிய அந்தச் சில விநாடிகளிலும் எதிரணி ஹெவி இவனைத் துரத்தவில்லை.

"மாமா, சாண்ட்விச்ச அடுத்தவங்களுக்குப் போடுறதுக்கு எந்த பட்டன்?" என்று கேட்டான்.