கை கொடுக்க வேண்டியது யார்?

போன ஞாயிறும் அதே பிரசங்கம். ஏழெழுபது தரம் மன்னிக்கணும், மனசில் கசப்பை வைத்துக்கொண்டு நற்கருணைப் பந்திக்கு, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்க, வரக்கூடாது. வசனம் சரிதான், பைபிளில் மத்தேயு 18. ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிகிறவர்கள் அடிபட்டவர்கள்தான், அடித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஆமென் சொல்கிறார். சொன்னால் சபையில் நாலு பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

எங்கள் ஊர் தேரிக்காட்டுப் பக்கம். சின்ன சபை, பாதிப்பேர் சொந்தக்காரர்கள். அம்மாதான் பெண்கள் சங்கத்துப் பொருளாளர். பிடியரிசி தெரியும்தானே? உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு, மாதம் ஒருமுறை கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பது. அதை ஏலம் விட்டு வரும் காசுக்கு அம்மா கணக்கு எழுதுவாள். ஒரு வருஷம் அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் விருந்துக்கு, முந்தின வாரம் கமிட்டிக் கூட்டத்தில் 3,400 ரூபாய் குறைகிறது என்று கமிட்டி நோட்டு எழுதும் ஒரு அக்கா எழுந்து சொன்னார். எடுத்துவிட்டாள் என்று சொல்லவில்லை. "எங்க போச்சுன்னுதான கேக்கேன்" என்றார், அவ்வளவுதான். அது போதாதா? அந்த வருஷ அசனத்துக்கு அம்மா காய் வெட்டப் போகவில்லை. முப்பது வருஷமாக அரிவாள்மணையோடு முதல் ஆளாகப் போய் உட்காருகிறவள்.

மூன்று வாரம் கழித்து, ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அந்த நோட்டைப் புரட்டியதில் விஷயம் தெரிந்தது. ஒரு மாத அரிசியை ஏலம் விடாமல் நேராக அசனச் சமையலுக்கு அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதை அந்த அக்கா காசு வரவில் எழுதியிருக்கிறார், காசு எப்படி இருக்கும்? "சரி, கணக்கு நேராயிட்டு, விடுங்க" என்று கமிட்டி எழுந்துவிட்டது. யாரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அப்புறம் ஐயர், அதாவது எங்கள் சபைக் குருவானவர், மாறினார். புதிய ஐயர் நல்ல மனுஷர், சமாதானம் பண்ணிவைக்க ஆசைப்பட்டார். நற்கருணை ஞாயிறு ஆராதனையில் இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் கை கொடுத்துவிடுங்கள், நல்ல சாட்சியாக இருக்கும் என்றார். அம்மா கேட்டாள், "ஐயா, அவ தப்பா எழுதினத மட்டும் கமிட்டிக்குள்ளயே முடிச்சிட்டிய. நான் கை கொடுக்கது மட்டும் ஊருக்கு முன்னாலயா?" அதன்பிறகு பதினாலு மாதம் நற்கருணை எடுக்கவில்லை. ஆராதனைக்கு வருவாள், கடைசிப் பாயில் உட்காருவாள், பந்திக்கு எழும்பமாட்டாள். ஊரில் இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தார்கள். நானே ஒருநாள் கேட்டேன், மன்னிச்சா என்னம்மா? "மன்னிச்சாச்சுல என்னைக்கோ. ஆனா அவ சொன்ன சொல்லு இன்னும் அங்கயேதான கெடக்கு" என்றாள்.

எனக்கு அதற்குப் பிறகுதான் மத்தேயு 5 ஒழுங்காக வாசிக்கத் தோன்றியது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போகச் சொல்வது யாரை? "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வருகிறவனை. அதாவது தப்புப் பண்ணினவன்தான் நடக்கவேண்டும். நாம் அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டோம். 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகத்தில்கூட, பகையோடிருக்கும் இரண்டு பேரைப் பந்தியில் சேர்க்கலாமா என்று வரும் இடத்தில், மற்றவன் செய்ததை மனதார மன்னிப்பதோடு தான் செய்ததற்கு ஈடுகட்டவும் தயாராக இருக்கிறவனைச் சேர்த்துக்கொள் என்றுதான் குருவானவருக்குச் சொல்லியிருக்கிறது. மன்னிப்பும் ஈடும் சேர்ந்தே வருகின்றன. பைபிளில் வரும் வரிவசூல்காரன் சகேயு, இயேசு கூப்பிட்டதும் மரத்திலிருந்து இறங்கிவந்து "ஸாரி" சொல்லிவிட்டுப் போகவில்லை, நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

மன்னிப்பு என்றாலே கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை இழுக்காத பிரசங்கியார் இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரியான அவர் கணவரையும் இரண்டு பையன்களையும் ஜீப்போடு எரித்துக் கொன்றார்கள், அவர் மன்னித்தேன் என்றார். நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். அந்த மன்னிப்பை எந்தக் கமிட்டியும் அவரிடம் போய்க் கேட்டு வாங்கவில்லை. அவர் மன்னித்ததால் வழக்கும் நின்றுவிடவில்லை. கீழ்க்கோர்ட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட் வரை போய், 2011-இல் முக்கியக் குற்றவாளியின் ஆயுள்தண்டனை உறுதியானது. இந்தப் பாதியை ஏன் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை?

எங்கள் ஆராதனையில் "சமாதானம்" கொடுப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பீடத்தில் தொடங்கி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வரிசை வரிசையாக வரும். பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பொறுக்க முடியாது, அதுதான் அதில் அழகு. ஆனால் பகையை ஞாயிற்றுக்கிழமை அரை நிமிஷத்தில் துடைத்துவிடும் துணியாக அதை ஆக்கிவிடக் கூடாது.

சரி, கதையை முடித்துவிடுகிறேன். ஒருநாள் சாயங்காலம் அந்த அக்கா தானாகவே வீட்டுக்கு வந்தார். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து அவரும் உருவ ஆரம்பித்தார். பாதிக்கீரை முடிந்தபிறகு, "யக்கா, நான்தான் தப்பா எழுதிட்டேன். கோயில்ல வச்சே சொல்லிருதேன்" என்றார். அம்மா சுளகை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

சொன்னபடியே சொன்னார், அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு. அடுத்த நற்கருணைக்கு அம்மா பந்திக்குப் போனாள். இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் அவளுக்கு ஒரே குறைதான்: "பாதிச்சனம் செருப்ப மாட்டிட்டு வெளிய போனப்புறம்லா சொன்னா."